கொழும்பு வணிகருக்கு உலகச் சந்தைக் கணக்கு: படிப்படியான முழு வழிகாட்டி

2023 டிசம்பர் 8 முதல் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே 4இல் தடையை நீக்கியபோதும் தொன்னுக்கு ஆகக் குறைந்த விலை 550 டொலர், அதற்கு மேல் 40 சதவீத ஏற்றுமதி வரி என்று இரண்டு நிபந்தனைகள் போட்டது. முடிவு எடுக்கப்பட்டது டெல்லியில். விலைப்பலகையை அழித்து அழித்து எழுதியது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு. மூட்டை குறைந்ததால் சுமை தூக்கும் நாட்டாமிமாரின் நாட்கூலி குறைந்தது. வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடை நடத்துபவர் சம்பலுக்கு வெங்காயத்தை எண்ணிப் போட்டார்.

உலகமயமாதல் என்றதும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகளும் துறைமுகக் கிரேன்களும்தான் நினைவுக்கு வருகின்றன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட நாளிலிருந்து அது மூன்று பேர் வேலை செய்யும் கடைக்குள்ளும் இருக்கிறது. இந்த வழிகாட்டி 3 முதல் 30 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது: இறக்குமதி மொத்த வியாபாரி, வாசனைத் திரவியம் பொதி செய்பவர், துணை ஒப்பந்தத்தில் தைத்துக் கொடுப்பவர், வெளிநாட்டுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் அலுவலகம். முதற் பாதி, வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்குவது எப்படி என்பது. இரண்டாம் பாதி, நாமே வெளியே போய் விற்பது எப்படி என்பது. முதற் பாதியை முடிக்காமல் இரண்டாம் பாதிக்குப் போகாதீர்கள். உள்ளூர்க் கணக்கில் ஓட்டை இருக்கும்போது ஏற்றுமதி தொடங்கினால் ஓட்டைதான் பெரிதாகும்.

தேவையானவை: கடந்த 12 மாதக் கொள்வனவு பில்கள், வங்கிக் கூற்றுகள், கடன் வாங்கியவர்களின் பட்டியல், ஒரு கொப்பி அல்லது எக்செல் தாள், இரண்டு மாலைப்பொழுது.

படி 1: உங்கள் செலவில் எவ்வளவு டொலர்?

பெரிய பத்துக் கொள்வனவுகளையும் பெரிய பத்து வாடிக்கையாளர்களையும் எழுதுங்கள். கொள்வனவு ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விடை வேண்டும். விலை எந்த நாணயத்தில் தீர்மானமாகிறது? எந்த நாட்டிலிருந்து வருகிறது? அந்த வழி அடைபட்டால் வேறு இடத்திலிருந்து எடுக்க எத்தனை நாள்? எந்த அரசாங்கத்தின் எந்த விதி அதை நிறுத்தக்கூடும்?

முதற் கேள்வியில்தான் பலர் தவறுவார்கள். பில் ரூபாவில் இருந்தால் அது உள்ளூர்ச் செலவு என்று எழுதிவிடுகிறார்கள். கெய்சர் தெருவில் ரூபா கொடுத்து வாங்கிய பொத்தானும் சிப்பும் கப்பலில் வந்தவை. மசாலாப் பொதிக்கான பொலித்தீனின் மூலப்பொருளும், லொறியின் டீசலும், கணக்கு மென்பொருளின் மாதக் கட்டணமும் அப்படியே. டொலர் ஏறினால் மூன்று மாதத்துக்குள் எதன் விலை ஏறுமோ அதையெல்லாம் டொலர்ச் செலவு என்றே குறியுங்கள். உண்மையான உள்ளூர்ச் செலவு பெரும்பாலும் சம்பளம், வாடகை, தண்ணீர் என்று சுருங்கிவிடும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். செலவு 100 ரூபாவில் 62 ரூபா டொலர் சார்ந்தது, விற்பனையில் டொலர் வருமானம் எதுவும் இல்லை என்று வைப்போம். டொலர் 10 சதவீதம் ஏறினால் உங்கள் செலவு 6 ரூபா 20 சதம் ஏறும். உங்கள் நிகர இலாபம் 5 ரூபா என்றால், விலையை ஏற்றாத ஒவ்வொரு நாளும் நட்டத்துக்கு விற்கிறீர்கள். இந்த ஒரு விகிதத்தைக் கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாப் படிகளும் அதைக் குறைப்பதற்கான வேலைதான்.

படி 2: நாள் கோடு வரையுங்கள்

இதை மட்டும் செய்தாலும் போதும் என்று சொல்லத்தக்க படி இது. வெளிநாட்டுச் சரக்கில் வியாபாரிகள் முறிவது பெரும்பாலும் விலை தெரியாமல் அல்ல. விலை பேசிய நாளுக்கும் டொலர் கட்டிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்பதை எண்ணாமல்தான்.

ஒரு 20 அடிக் கொள்கலன் மைசூர்ப் பருப்பை எடுத்துக்கொள்வோம். 24 தொன், கொழும்பு வந்து சேரும் விலை தொன்னுக்கு 700 டொலர், மொத்தம் 16,800 டொலர். கணக்குக்காக ஒரு டொலர் 300 ரூபா என்போம்: 50,40,000 ரூபா. வங்கி வட்டி தவிர்ந்த எல்லாச் செலவும் போக இலாபம் அதில் 4 சதவீதம், அதாவது 2,01,600 ரூபா. வழங்குநருக்குக் கப்பல் பட்டியல் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம்) திகதியிலிருந்து 60ஆம் நாள் பணம் கட்ட வேண்டும்.

கப்பல் ஏறிய நாளை 0 என்று ஒரு கோட்டின் இடப்பக்கம் குறியுங்கள். 25ஆம் நாள் கொழும்புத் துறைமுகம். 30ஆம் நாள் சுங்கம் முடிந்து களஞ்சியம். 31 முதல் 70 வரை விற்பனை, சராசரி 50ஆம் நாள். வெளியூர்க் கடைகளுக்கு 45 நாள் தவணை, எனவே திகதி போட்ட செக் காசாவது சராசரி 95ஆம் நாள்.

இந்தக் கோட்டில் இரண்டு இடைவெளி தெரியும். 31ஆம் நாள் விற்ற மூட்டையின் விலையை நீங்கள் அன்றைய டொலருக்குப் போட்டீர்கள், ஆனால் டொலர் வாங்குவது 60ஆம் நாள். அந்த 29 நாளும் நாணயச் சந்தை முழுவதும் உங்கள் தோளில். அடுத்தது, 60ஆம் நாள் கட்டிய பணம் 95ஆம் நாள்தான் திரும்புகிறது. 35 நாள் வங்கி மேலதிகப்பற்று (ஓவர்ட்ராஃப்ட்). வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 50,40,000 ரூபாவுக்கு ஏறத்தாழ 58,000 ரூபா. இலாபத்தில் கால்வாசிக்கு மேல் வங்கிக்குப் போய்விட்டது, கடையில் அது யார் கண்ணிலும் படவில்லை.

முதல் இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை 2022 காட்டியது. மார்ச் முதல் வாரம் டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியபின் ஏப்ரலில் 300 ரூபாவைத் தாண்டிவிட்டது. அதே 16,800 டொலர்: 203இல் 34,10,400 ரூபா, 300இல் 50,40,000 ரூபா. வித்தியாசம் 16,29,600 ரூபா. 203 கணக்கில் விற்று முடித்தவருக்கு ஒரு கொள்கலனில் கிடைத்த இலாபம் 1,36,416 ரூபா. பன்னிரண்டு கொள்கலனின் உழைப்பை ஒரு கொள்கலன் விழுங்கிய கணக்கு இது.

இடைவெளியைக் குறைக்க இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் தவணை. 45 நாள் கடனுக்கு 12 சதவீத வட்டியில் உங்களுக்கு ஆகும் செலவு 1.48 சதவீதம். கைக்காசுக்கு 1 சதவீதக் கழிவு கொடுத்தாலும் உங்களுக்கே இலாபம். எல்லோரும் ஏற்கமாட்டார்கள். மூன்றில் ஒருவர் ஏற்றாலே 35 நாள் இடைவெளி கணிசமாகச் சுருங்கும்.

அடுத்து விலைக்கூறல். ஹோட்டல்கள், நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடிதத்தில் “இவ்விலை 3 நாட்களுக்குச் செல்லும், டொலர் 2 சதவீதத்துக்கு மேல் மாறினால் விலை மீளாய்வு செய்யப்படும்” என்று அடிப்படை வீதத்தையும் சேர்த்து எழுதுங்கள். எந்த நாள், எந்த வங்கியின் விற்பனை வீதம் என்பதைக் குறிக்காவிட்டால் பின்னர் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, வங்கியில் முன்கூட்டியே டொலரை வீதம் பேசி ஒதுக்கும் ஃபோர்வர்ட் ஒப்பந்தம். விற்ற அளவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பாதிச் சரக்கை விற்றுவிட்டீர்களா, பாதி டொலரை ஒதுக்குங்கள். டொலர் இறங்கும் என்று நம்பிக் காத்திருப்பது பருப்பு வியாபாரம் அல்ல, நாணய வியாபாரம். ஒரு எச்சரிக்கை: மிகவும் தேவைப்படும் நேரத்தில் இந்த வசதி கிடைக்காமற் போகலாம். 2021 தொடக்கத்தில் மத்திய வங்கி இவ்வகை ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்கும்படி வங்கிகளுக்குச் சொன்னது. அப்படியான வேளையில் மிஞ்சும் வழி, விற்ற பணம் வர வர வழங்குநரின் பில்லைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே தீர்ப்பது.

படி 3: இரண்டாவது வாசல்

செலவில் 15 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும் எந்தப் பொருளையும் ஒரே நாட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஒரே ஊரில் இரண்டு வழங்குநர் இருப்பது இரண்டாவது வாசல் ஆகாது. 2021இல் கனடாவின் மேற்குச் சமவெளியில் வறட்சி வந்தபோது அங்குள்ள எல்லோரிடமும் பருப்பு குறைந்தது. மழைக்கும் ஏற்றுமதித் தடைக்கும் தனித்தனி ஆள் தெரியாது.

நெருக்கடி வந்த பிறகு புதிய வழங்குநரைத் தேடினால் முன்பணம் முழுவதும் கேட்பார், தரமும் தெரியாது. சாதாரண காலத்திலேயே ஆண்டுத் தேவையில் 10 முதல் 20 சதவீதத்தை இரண்டாவது நாட்டிலிருந்து வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபா அதிகமானால் அதைக் காப்புறுதிக் கட்டணமாக எழுதுங்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஒன்றை உங்களிடம் வையுங்கள். சரக்கு வரும்போது ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது.

நம் பக்கத்திலும் கதவு சாத்தப்படலாம். பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, சீனி போன்றவற்றுக்கான விசேட பண்ட அறவீடு வர்த்தமானி அறிவித்தலோடு ஒரே இரவில் மாறும், கப்பல் நடுக்கடலில் இருந்தாலும். எனவே கொள்கலன் வரும் விலையில் அறவீடு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று இரண்டு வரி எப்போதும் எழுதி வையுங்கள். இறங்கும்போதுதான் அடி அதிகம்: பழைய வரியில் எடுத்த சரக்குக் களஞ்சியத்தில் நிற்க, புதிய வரியில் எடுத்தவர் பக்கத்துக் கடையில் குறைத்து விற்பார்.

படி 4: இறக்குமதிப் போட்டியாளரை அளப்பது

உள்ளூரில் செய்பவர்களுக்கு இது. போட்டியாளரின் கடை விலையைப் பார்த்துக் கலங்காமல், அது இங்கு வந்திறங்கும் செலவைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: பொருள் விலை, கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அறவீடு, அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. அந்த விலைக்குக் கீழே அவரால் நெடுநாள் போக முடியாது. உங்கள் செலவு அதை விட 20 சதவீதத்துக்கு மேல் அதிகமென்றால் விலையில் மோதாதீர்கள். சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வருவதை 40 துண்டாக, மூன்றே நாளில், கேட்ட அளவில் கொடுக்க முடிவது உங்கள் பலம். பழைய சோனகத் தெருவில் இறக்குமதி இரும்புப் பொருட்களுக்கு நடுவே வெட்டி, வளைத்து, அளவுக்குச் செய்து கொடுப்பவர் பிழைப்பது இதனால்தான்.

படி 5: ஏற்றுமதிக்கான பதிவுகள்

வணிகப் பெயர்ப் பதிவு அல்லது 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவு, இறைவரித் திணைக்கள வரி இலக்கம், வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு, சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு, நவம் மாவத்தையிலுள்ள ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவு. எல்லா ஆவணத்திலும் நிறுவனப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். “அன்ட் சன்ஸ்” ஓரிடத்தில் இருந்து ஓரிடத்தில் இல்லாவிட்டால் அதைத் திருத்தவே வாரங்கள் போகும். சுங்க வெளிப்படுத்துகையைக் கணினியில் ஏற்ற ஒரு நல்ல வார்ஃப் கிளார்க் (சுங்க வேலை பார்க்கும் முகவர்) வேண்டும். ஆளைத் தெரிவு செய்யும்போது உங்கள் பொருளை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

படி 6: வாங்கும் நாட்டின் விதி (கறுவாவை வைத்து)

உலகமயமாதலின் மிகக் கடினமான பகுதி இதுதான். தீர்வை குறைந்தாலும் ஆய்வுகூட விதிகள் கூடிக்கொண்டே போகின்றன. கறுவாவை எடுத்துக்கொள்வோம், நம் கையில் உள்ள மிகச் சிறந்த பொருள் அது. 2022 பெப்ரவரியில் “சிலோன் கறுவா” ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றது, இலங்கைப் பொருளுக்கு அங்கே கிடைத்த முதற் பாதுகாப்பு. கசியா எனும் சீன, இந்தோனேசிய வகையில் கூமரின் (அதிகமானால் ஈரலுக்குக் கேடான இயற்கைப் பொருள்) அதிகம், நம் கறுவாவில் மிகமிகச் சொற்பம். ஐரோப்பாவில் பண்டிகைக்கால மரபுப் பண்டங்கள் தவிர்ந்த சாதாரண கேக், பிஸ்கட் வகையில் கூமரின் கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. விலை பேசும்போது பேக்கரிக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டிய எண் இது.

முதல் வேலை குறியீடு, அதாவது எல்லா நாட்டுச் சுங்கமும் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண். நம் கறுவா முழுப்பட்டையாக இருந்தால் எச்.எஸ். 0906.11. வேறு வகை 0906.19. அரைத்தால் 0906.20. தவறான குறியீடு போட்டால் அங்கே தீர்வையும் ஆய்வும் வேறு வழியில் போய்விடும்.

இரண்டாவது கந்தகம். பட்டை வெளிறிய நிறம் பெறவும் பூச்சி அண்டாதிருக்கவும் தோட்டத்திலும் தரகர் களஞ்சியத்திலும் கந்தகப் புகை போடுவது பழைய வழக்கம். கந்தகவீரொட்சைட்டு எல்லை கிலோவுக்கு 150 மில்லிகிராம். 10 மில்லிகிராமைத் தாண்டினாலே ஐரோப்பாவில் பொதியில் சல்பைட் என்று அச்சிட வேண்டும். இங்கே சறுக்குவது எப்படி? நீங்கள் ஐந்து பேரிடம் வாங்குகிறீர்கள், நால்வர் புகை போடவில்லை, ஒருவர் மழைக்காலத்தில் இரண்டு முறை போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கலந்து ஒரு மாதிரி எடுத்தால் அறிக்கை நன்றாக வரும். அங்கே அதிகாரி திறந்த பெட்டி ஐந்தாமவருடையது. ஆகவே கலப்பதற்கு முன் ஒவ்வொருவரின் கட்டிலும் தனித்தனி மாதிரி எடுங்கள். பட்டையை ஒடித்து மூக்கருகே பிடித்தால் தீக்குச்சி அணைந்த மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் கட்டை ஒதுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மூன்றாவது ஈரம். வாங்குபவரின் ஈரப்பத எல்லையை எழுத்தில் வாங்கி அதற்கு ஒரு சதவீதம் கீழே நிறுத்துங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பெட்டி மூடி, குளிர்நாட்டுக் கடலில் கொள்கலன் குளிரும்போது உட்கூரையில் நீர் திரண்டு சொட்டும். கொள்கலனுக்குள் ஈரமுறிஞ்சும் பைகள் தொங்கவிடுங்கள், மேல் அடுக்குக்குக் கனமான கடதாசி போடுங்கள். பூஞ்சை பிடித்த பெட்டிக்கு எந்தச் சான்றிதழும் உதவாது. மிளகு, சாதிக்காய், மிளகாய், இஞ்சி, மஞ்சள் அனுப்புபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஐரோப்பாவில் அவற்றுக்குப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்ளடொக்சின் பி1 எல்லை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. பூச்சி கொல்ல எதிலீன் ஒட்சைட்டு வாயு போட்ட பொருளை அங்கே அனுப்பவே வேண்டாம். 2024 ஏப்ரலில் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் இந்திய மசாலாப் பொதிகள் கடைகளிலிருந்து மீளப்பெறப்பட்டது அதனால்தான்.

நான்காவது, ஒதுக்கிய மாதிரி. 2023இல் அமெரிக்காவில் அப்பிள் கூழ்ப் பொதிகளைச் சாப்பிட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் காணப்பட்டது. அதிலிருந்த கறுவாத்தூள் எக்குவடோரில் அரைக்கப்பட்டது. முழுப்பட்டை போனது இலங்கையிலிருந்து. எக்குவடோர் அதிகாரிகள் அரைக்காத பட்டையைச் சோதித்து அதில் ஈயம் இல்லை என்று கண்டதால்தான் நம் பட்டையின் பெயர் தப்பியது. அரைக்காத பட்டை அங்கே மிச்சமில்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அனுப்பும் ஒவ்வொரு தொகுதியிலும் 250 கிராம் வீதம் இரண்டு பொதி காற்றுப் புகாமல் அடைத்து, தொகுதி இலக்கம், வாங்கிய தோட்டம், திகதி எழுதி, பொருளின் ஆயுட்காலமும் அதற்கு மேல் ஆறு மாதமும் வைத்திருங்கள். செலவு மிகச் சிறிது. ஒரு குற்றச்சாட்டு வரும் நாளில் உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரமுள்ள ஆய்வுகூடம் வேண்டும். குறிப்பிட்ட அந்தச் சோதனை அவர்களின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வுகூடத்துக்கு அங்கீகாரம் இருந்து, உங்கள் சோதனைக்கு இல்லாமல் போவதுண்டு. தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்கும் நாடுகளுக்குக் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுக்காப்புச் சேவையை அணுகுங்கள். மரப் பலகைத் தட்டு போட்டால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். இல்லாத தட்டால் நல்ல சரக்கும் திரும்பி வரும்.

அமெரிக்காவுக்கு என்றால் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் உங்கள் களஞ்சியத்தைப் பதிய வேண்டும், அங்கே ஒரு முகவர் வேண்டும். பதிவுக்கு அரசாங்கம் கட்டணம் எதுவும் எடுப்பதில்லை. இரட்டைப்படை ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை புதுப்பிக்க மறந்தால் பதிவு செல்லாது. சரக்கு வருவதற்கு முன்னறிவித்தல் கடல் வழிக்கு 8 மணி நேரம், வான் வழிக்கு 4 மணி நேரத்துக்கு முன் போயிருக்க வேண்டும்.

படி 7: பொதி, கூலி, விலை

முதல் ஏற்றுமதி சிறிதாக இருக்கட்டும்: 50 முதல் 200 கிலோ. கறுவாச் சுருள் எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்காரர் நீள அகல உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார். 60, 40, 40 பெட்டி 19.2 கிலோ என்று கணக்கில் வரும், உள்ளே 12 கிலோதான் இருந்தாலும். சாதாரண விமானச் சரக்கில் ஒரு கன மீற்றர் 167 கிலோ. சுருளை 8 சென்ரிமீற்றராக வெட்டி அடுக்கினால் அதே பெட்டியில் கூடுதல் எடை போகும். கூலி பேசும் முன் இதைச் செய்து பாருங்கள்.

விலையை எஃப்.ஓ.பி. என்று சொன்னால் கொழும்பில் கப்பலேற்றும் வரை உங்கள் செலவு. சி.ஐ.எஃப். என்றால் அவர் துறைமுகம் வரை கூலியும் காப்புறுதியும் நீங்கள். வாசலில் இறக்கித் தீர்வையும் கட்டும் டி.டி.பி. விலையைப் புதியவர்கள் கொடுக்கவே கூடாது. அந்நாட்டு வரி உங்கள் கையில் இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபின் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, கூலி ஏறியது. சி.ஐ.எஃப். விலையை மூன்று மாதத்துக்கு உறுதி செய்திருந்தவர்கள் அந்தக் கூலியைத் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. கூலியைத் தனி வரியில் எழுதி 7 நாள் மட்டும் செல்லுபடி கொடுங்கள்.

படி 8: ஆவணமும் பணமும்

புதிய வாங்குபவரிடம் 30 முதல் 50 சதவீதம் முன்பணம், மீதி கப்பல் பட்டியலின் பிரதியைக் கண்டதும். மூலப் பட்டியல் பணம் வந்த பிறகுதான் கைமாற வேண்டும். தொகை பெரிதானால் நாணயக் கடிதம் (எல்.சி.: ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி). அதில் வேறு காலம் சொல்லாவிட்டால் கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். காப்புறுதி சி.ஐ.எஃப். பெறுமதியின் 110 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கும். கடிதத்தில் இருக்கும் பொருள் விவரத்தை எழுத்துப் பிழை இருந்தாலும் அப்படியே விலைப்பட்டியலில் எழுதுங்கள். பிழை பெரிதென்றால் கப்பலேற்றும் முன்பே கடிதத்தைத் திருத்தச் சொல்லுங்கள். தவணைக்குக் கொடுப்பதென்றால் ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் அந்த வாங்குபவருக்குக் காப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்ற பதிலும் பயனுள்ள செய்திதான்.

“எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசிக் குரலைக் கேட்ட பிறகே நம்புங்கள். உங்கள் வாங்குபவருக்கும் இதை ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். ஏற்றுமதிப் பணத்தை, வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியலில் எடுக்காதீர்கள். நல்ல வீதம் கிடைக்கலாம், ஆனால் சுங்கத்தில் பதிந்த ஏற்றுமதிக்கு வங்கியில் பணம் வந்த சான்று இல்லாமல் போகும். மத்திய வங்கி கேட்கும்போதும், நாளை கடன் கேட்கும்போதும் கையில் எதுவும் இருக்காது.

படி 9: தீர்வைச் சலுகை

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குத் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை 2005இல் கிடைத்தது, 2010 ஆகஸ்டில் பறிபோனது, 2017 மேயில் திரும்பியது. ஐரோப்பாவில் பெரும்பாலான ஆடைகளுக்குச் சாதாரணத் தீர்வை 12 சதவீதம், சலுகையில் பூச்சியம். தையலில் 12 சதவீதம் என்பது முழு இலாபத்தை விடவும் அதிகமாக இருக்கக்கூடும். ஆகவே சலுகையை உங்கள் இலாபமாக எண்ணாதீர்கள். சலுகை இல்லாமலும் உயிர் பிழைக்கும் விலை எது என்பதைத் தனியே எழுதுங்கள்.

செய்ய வேண்டியவை இவ்வளவே. உங்கள் எச்.எஸ். குறியீட்டைப் போட்டு அந்நாட்டுத் தீர்வை எவ்வளவு என்று பாருங்கள். ஏற்கெனவே பூச்சியமாக இருந்தால் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். தீர்வை இருந்தால் உற்பத்தி மூல விதியை (எது இலங்கைப் பொருளாகக் கொள்ளப்படும் என்பதை) படியுங்கள். 6,000 யூரோ வரையான சரக்குக்கு நீங்களே விலைப்பட்டியலில் மூலக் கூற்று எழுதலாம், அதற்கு மேல் பதிவுசெய்த ஏற்றுமதியாளர் இலக்கம் தேவை. இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, பாகிஸ்தான் உடன்படிக்கை ஆகியவற்றுக்கான சான்றிதழ்களுக்கு வொக்ஸ்ஹோல் வீதி ரக்ஷண மந்திரயவிலுள்ள வர்த்தகத் திணைக்களத்தை அணுகுங்கள்.

ஒரே நாட்டில் தங்கியிருப்பதன் விலையை 2025 சொன்னது. ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவித்தது. பேச்சுக்குப் பின் ஆகஸ்டில் 20 ஆனது. இடைப்பட்ட நான்கு மாதம் ஓடர் வருமா என்று தெரியாமல் தையல் மேசைகளில் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உங்கள் விற்பனையில் ஒரு நாடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அடுத்த புதிய வாடிக்கையாளரை வேறு நாட்டில் தேடுங்கள். துணை ஒப்பந்தக்காரர்களும் இதைக் கேட்டறியலாம்: வேலை கொடுப்பவர் கொழும்பில் இருந்தாலும் ஆடை எந்த நாட்டுக்குப் போகிறது என்பது அதில் தைக்கும் அளவுப்பட்டியிலேயே தெரியும்.

படி 10: ஆட்கள்

2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். உங்கள் கணக்காளர், இயந்திரம் பழுது பார்ப்பவர், வடிவமைப்பாளர் ஆகியோரின் சம்பளத்தை இப்போது டோஹாவும் துபாயும் தீர்மானிக்கின்றன. இல்லாமற்போனால் கடை நின்றுவிடும் என்ற வேலை எது, அதைத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஒருவர் மட்டுமே என்றால் இந்த மாதமே இரண்டாமவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், வேலையை எழுத்திலோ தொலைபேசிக் காணொளியிலோ பதியச் சொல்லுங்கள். போகிறவரைத் தடுப்பது முறையல்ல. மூன்று மாத முன்னறிவித்தலை மரியாதையாகக் கேட்டு, திரும்பி வந்தால் இடம் உண்டு என்று சொல்லி அனுப்புங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் அலுவலகங்கள் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும், ஐரோப்பியத் தரவு என்றால் அங்குள்ள விதியையும் ஒப்பந்தம் எழுதும் முன் படிக்க வேண்டும்.

படி 11: திங்கட்கிழமை அரை மணி நேரம்

வாரத்தில் ஒரு நாள், கடை திறக்கும் முன், ஐந்து எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள்: வங்கியின் டொலர் விற்பனை வீதம், கட்ட வேண்டிய மொத்த டொலர், அதில் ஒதுக்கிய அளவு, வர வேண்டிய கடனின் சராசரி நாள், முதற் பொருளின் மூலநாட்டு விலை. அதோடு அந்த வாரம் வந்த வர்த்தமானிகளில் உங்கள் பொருளின் பெயர் இருக்கிறதா என்று ஒரு பார்வை. ஒதுக்காத டொலர், உங்கள் மூன்று மாத நிகர இலாபத்தின் பத்து மடங்கைத் தாண்டினால் புதிய கொள்கலனுக்கு ஓடர் போடாதீர்கள். அந்நிலையில் ரூபா 10 சதவீதம் சரிந்தாலே அந்த மூன்று மாத உழைப்பு போய்விடும். கடன் நாள் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் படி 2க்குத் திரும்பி நாள் கோட்டைப் புதிதாக வரையுங்கள், இம்முறை தவணை வாங்கியவர்களின் பெயர்களையும் அதன் மேல் எழுதி.